சபை எனக்குக் கொடுத்த ப்ரமோஷன்

எங்கள் சந்தில் இங்கிலீஷ் என்றால் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. தாராவியில் எங்கள் வரிசையில் யாருக்காவது லீவு லெட்டர் வேண்டும், பயோடேட்டா வேண்டும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுத வேண்டும் என்றால் என் வாசல் திரையை விலக்கிக்கொண்டு "அண்ணாச்சி இருக்கியளா?" என்று தலையை நீட்டுவார்கள். நான் எழுதிக் கொடுத்த புகார்களால் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக வந்ததில்லை. ஆனால் புகாரில் ஒரு பிழை இருக்காது.

அதிலும் என் தனித்துறை ப்ரமோஷன். பயோடேட்டா எழுதுகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான். ஹெல்ப்பராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன், அதை இங்கிலீஷில் சொல்ல 'டு' போடுவதா 'ஆஸ்' போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு 'ஃபார்' வேறு சேர்த்துக்கொண்டு வருவான். நான் சிவப்புப் பேனாவைத் திறப்பேன்.

"எந்த நாற்காலிக்குப் போனியோ அதுக்கு முன்னால 'டு'. எந்த நாற்காலில இருந்து எந்திரிச்சியோ அதுக்கு முன்னால 'ஃப்ரம்'. வேலை என்னவா மாறிச்சுன்னு சொல்லணும்னா வாக்கியத்தையே மாத்தி எழுதணும்ல. புரியுதா?"

புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போவான். கொஞ்ச நாளில் அவனுக்கு அடுத்த ப்ரமோஷனும் வந்துவிடும். நான் அந்தப் பயோடேட்டாவையும் திருத்துவேன்.

என் சொந்தக் கதை வேறு. சயானில் ஏறி, தாணேயில் மாறி, ஐரோலியில் இறங்கினால் என் ஆபீஸ். சரக்கு லாரி கம்பெனி. பில்லிங் செக்‌ஷனில் சீனியர் அசிஸ்டென்ட். அங்கே 'சீனியர்' என்பது பதவி இல்லை, வயசு. ஃபேன் போய் ஏசி வந்தது, மர நாற்காலி போய்ச் சுழலும் நாற்காலி வந்தது, என்னிடம் வேலை படித்த பையன்கள் கண்ணாடி கேபினுக்குள் போய் அங்கிருந்து "அங்கிள், வோ ஃபைல்" என்று இந்தியில் ஃபைல் கேட்டுக் கையை ஆட்டுகிறார்கள். நான் மட்டும் அதே ஜன்னலோரம். 'டு'வுக்கும் 'ஃப்ரம்'முக்கும் இடையில் என்னதான் நடக்கும் என்று எனக்கு நேரடியாகத் தெரியாது. கேள்வி ஞானம்தான்.

என் மனைவி செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோவண்டியில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கும், ஆனால் தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் எழுத்துக் கூட்டிக் கூட்டி வியர்த்துவிடுவாள். எங்கள் ஒரே மகள் புனேயில் ஹாஸ்டலில் படிக்கிறாள், அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் டிவியும்தான்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னைய இன்சார்ஜ் ஆக்கிட்டாவ."

"எந்த வார்டுக்கு?"

"சர்ஜிகல். மேல் மாடி. அடுத்த வாரம் தாண்டி திங்கக்கிழமையில இருந்து."

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஒரு மனுஷன் சொல்வதற்கு உலகத்தில் எல்லா மொழியிலும் ஒரு வார்த்தை இருக்கிறது. படிக்காதவனுக்கும் தெரியும். என் வாயிலும் அது இருந்தது. ஆனால் அதற்குள் அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள்.

"அன்னைக்குக் காலையில பெரிய மீட்டிங்காம். புதுசா இன்சார்ஜ் ஆனவிய எந்திரிச்சு நின்னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசணுமாம். டாக்டருமாரு, மேனேஜ்மென்ட்டு எல்லாம் இருப்பாவ. இப்பவே டென்ஷன் ஆகுது. 'ஐ ஆம் ப்ரமோட்டட் ஆஸ் வார்டு இன்சார்ஜ்'... சரிதானா? 'ஆஸ்'ஸா, 'டு'வா?"

அப்பாடா என்றிருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

"நீ தினமும் எங்க போற? செம்பூருக்குப் போறியா, செம்பூரா போறியா?"

"செம்பூருக்கு."

"அப்ப 'டு'. ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போற. ப்ரமோஷனும் ஒரு லோக்கல் ட்ரெயின்தான்."

"ஆனா செம்பூருக்கு நான் நர்ஸாத்தானே போறேன்? அப்ப 'ஆஸ்'தானே வரணும்?"

கேள்வி நியாயமானது. அதனாலேயே நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. 'ஆம்' தப்பு, 'வாஸ்' அல்லது 'ஹேவ் பீன்' என்று வேறு பக்கம் வண்டியைத் திருப்பினேன். 'இன் தி ஹாஸ்பிடல்', 'அட் தி ஹாஸ்பிடல்' என்று கிளை வழிகளில் எல்லாம் கூட்டிப் போனேன். "நர்ஸம்மா, இந்த இலக்கணத்துல பேஷன்ட்டுக்கு மாத்திரை குடுக்க மறந்துடாதீங்க" என்று ஜோக் அடித்தேன். அவளும் சிரித்தாள். வெண்டைக்காய் பொரிந்தது, சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம். எல்லாம் முடிந்து பாயை விரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இலக்கணம் முழுவதும் சொல்லியிருக்கிறேன், 'சந்தோஷம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. அந்த வார்த்தை கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. வழியில் என் பில்லிங் செக்‌ஷன் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

எங்கள் சர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது எது நடந்தாலும் ஸ்தோத்திர காணிக்கை போடுவோம். பிறந்தநாளா, கலியாண நாளா, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா, காரணத்தைக் கவர் மேல் எழுதிப் பெட்டியில் போட்டால் ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசித்து ஜெபம் செய்வார். இதற்கென்று குடும்பத்துக்கு ஒரு கட்டுக் கவர் அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். கவரின் மேல் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். எங்கள் வீட்டுக்குத் தலைவர் நான் என்பதற்கு எழுத்துப்பூர்வமாக இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தக் கவர்தான்.

சனிக்கிழமை டூட்டிக்குப் போகிற வழியில் அவள் கவரைப் போட்டிருக்கிறாள். என் பெயர் அச்சாகியிருந்த இடத்துக்குக் கீழே, எழுத்துக் கூட்டி, 'ப்ரமோஷனுக்காக' என்று ஒரே ஒரு வார்த்தை. ஞாயிறு காலை அவளுக்கு டூட்டி. கோயிலுக்கு நான் மட்டும் போனேன்.

போதகர் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். ஒரு பேரப்பிள்ளை, ஒரு கண் ஆபரேஷன், கோபர்கைரனேயில் ஒரு புது வீடு. பிறகு என் பெயர். "நம் அன்புச் சகோதரருக்குக் கர்த்தர் உத்தியோகத்தில் அருளிய உயர்வுக்காக..."

'சகோதரருக்கு' என்பது கவரில் இல்லாதது. போதகர் தம் கையிருப்பிலிருந்து சேர்த்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கவரில் ஆண் பெயர், கீழே ப்ரமோஷன். எங்கள் சபையில் யார் வாசித்திருந்தாலும் அப்படித்தான் வாசித்திருப்பார்கள். அதோடு விட்டாரா? கண்ணை மூடி, "பல வருஷம் ஒரே இடத்தில், பிறர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தும், முறுமுறுக்காமல் காத்திருந்த உமது அடியானை நினைத்தருளினீரே" என்று உருகினார். சபையே ஆமென் என்றது. அவ்வளவு சத்தமான ஆமென் கிறிஸ்துமஸுக்குக்கூட நான் கேட்டதில்லை. என் ஜன்னலோர வாழ்க்கை ஐரோலி ஆபீஸுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தேன். தாராவி முழுக்கத் தெரிந்து, அதற்காக வருத்தப்பட்டும் இருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் முதலில் கையைப் பிடித்தவர் சபைச் செக்ரட்டரி. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிடித்த கையைச் சுலபத்தில் விடமாட்டார்.

"கடைசியில குடுத்துட்டானுவோ பாத்தியளா அண்ணாச்சி!"

"ஐயோ, எனக்கில்ல செக்ரட்டரி. வீட்ல அவளுக்கு..."

"பின்ன! எல்லாம் அவிய ஜெபந்தான். அவிய முழங்கால் போடலேன்னா நமக்கெல்லாம் என்ன இருக்கு?"

"இல்ல, நெசமாவே அவளுக்குத்தான்."

"தாழ்மையப் பாருங்கவே!" என்று பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பக்கத்தில் நின்றவர் கேட்டார், "என்ன போஸ்ட்டு?"

"இன்சார்ஜ்" என்றேன். பொய்யில்லை.

"எதுக்கு?"

"மேல் மாடிக்கு." அதுவும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் நான் விளக்கம் சொல்லவில்லை. கை நீட்டினார்கள், நானும் நீட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. யாரோ ஒருவர் முதுகில் தட்டினார், அதுவும் நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் வழக்கமாக வாங்குகிற கடையில் வழக்கமில்லாமல் அரைக் கிலோ மட்டன் கூடுதலாக வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் டூட்டி முடிந்து வந்ததும் இதைப் பெரிய ஜோக்காகச் சொன்னேன். எனக்கு எதையும் அப்படித்தான் சொல்லத் தெரியும்.

"சங்கதி தெரியுமா? உன் ப்ரமோஷன என் கணக்குல ஏத்திட்டாவ!"

சிரித்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க சொல்லலையா?" என்றாள்.

"சொன்னேன். தாழ்மைன்னுட்டாவ."

இன்னும் சிரித்தாள். உள்ளே போய்க் கை கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"என் பேரு வந்துச்சா?"

"குடும்பத்தார்னு வந்துச்சு."

அதுகூட வரவில்லை. அவளுக்காக நான் சேர்த்தேன்.

"ம்" என்றாள். குழாயை மூடினாள். மட்டனை ருசித்துச் சாப்பிட்டாள். யாருடைய ப்ரமோஷனுக்கு மட்டன் என்று இரண்டு பேருமே பேசவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. புதன்கிழமை சாயங்காலம் செக்ரட்டரியும் ஆண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இன்னொருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் சால்வை. கத்தரிப்பூ நிறம், தங்கக் கரை. யாருக்குப் போர்த்தினாலும் கட்சிக்காரர் மாதிரி ஆகிவிடும் அந்த வகை.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்" என்றேன்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவியன்னு தெரியும்லா" என்று பிரித்துவிட்டார்.

எங்கள் அறையில் மூன்று பேர் நின்றால் நான்காமவர் வாசலில் நிற்க வேண்டும். சால்வையின் ஒரு முனை என் தோளில், மறுமுனை செக்ரட்டரி கையில், இன்னொருவர் போனை உயர்த்திப் படம் எடுக்கத் தயாராக நிற்கிறார். வாசல் திரை விலகியது. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், நாள் முழுக்க நின்ற கால். என் மனைவி.

"வாங்கம்மா, சரியான நேரத்துக்கு வந்திய. அண்ணாச்சிக்கு ஒரு சின்ன மரியாத."

நான் வாயைத் திறந்தால் போதும். 'மரியாதை இதோ நிற்கிறவளுக்கு' என்று ஒரு வாக்கியம். எந்தச் சந்தேகமும் வராத, 'டு'வும் 'ஆஸ்'ஸும் தேவைப்படாத சுத்தத் தமிழ் வாக்கியம். வாய் திறக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். ஜுரம் எவ்வளவு என்று பார்க்கிற பார்வை. பிறகு செக்ரட்டரியைப் பார்த்து, "போத்துங்க, போத்துங்க. அவிய ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தியாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம் சபை வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறது. அதில் நான் மட்டும் சிரிக்கவில்லை. 'முகத்தில் என்ன அமைதி' என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அவளோ பையை மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், வந்தவர்களுக்கு டீ போட்டாள். அவளுடைய பதவிக்கு எனக்கு மரியாதை செய்ய வந்தவர்களுக்கு, அவளே இஞ்சி தட்டிப் போட்ட டீ.

டீயை உறிஞ்சிக்கொண்டே செக்ரட்டரி அடுத்த குண்டைப் போட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வாலிபப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ இங்கிலீஷ் கிளாஸ் வச்சிருக்கோம். நீங்கதான் எடுக்கணும். ப்ரமோஷன இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு ப்ரமோஷன் வாங்குனவரே சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

அடுப்படியில் இருந்து குரல் வந்தது. "நல்லா சொல்லிக் குடுப்பாவ. எனக்கே அவியதான் சொல்லிக் குடுத்தாவ."

அவர்கள் போன பிறகு சால்வையை மடித்தேன். மடிக்க மடிக்கப் பெரிதாகிக்கொண்டே போனது.

"இத எங்க வைக்க?"

"பீரோல வைங்க. என் புது யூனிஃபார்முக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

"கிளாஸ்ல எல்லாரு முன்னாலயும் சொல்லிருதேன். செக்ரட்டரியும் இருப்பாரு. ஒனக்குத்தான்னு தெளிவாச் சொல்லிருதேன்."

அவள் தம்ளர்களைக் கழுவி அடுக்கினாள். "சொல்லாட்டாலும் பரவால்ல. சொன்னா மட்டும் ஜோக்கா சொல்லிராதீங்க."

இவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கோயில் ஹாலில் கூட்டம் நன்றாகவே இருந்தது. ஐடி பார்க்கில் வேலைக்குக் காத்திருக்கிறவர்கள், மாட்டுங்காவுக்குக் கோச்சிங் போகிறவர்கள், பார்சல் டெலிவரி செய்கிற ஒருவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. முன்வரிசையில் செக்ரட்டரி. கடைசி பெஞ்சில் என் மனைவி. என்னைக் கண்காணிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, போர்டைப் படம் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவள் பாடம் கேட்க வந்திருந்தாள். திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்ல வேண்டிய வாக்கியம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று நான் அடித்த கூத்தில் எப்படிப் பிடிபடும்?

பாடம் களைகட்டியது. அதில் நான் குறை வைக்கமாட்டேன்.

டெலிவரிப் பையன் எழுந்தான். "அங்கிள், எங்க கம்பெனில ப்ரமோஷன்னா ஏரியா மாத்துவாங்க. என்னைய தாராவில இருந்து மாட்டுங்காவுக்குப் போட்டாங்க. அத ப்ரமோட்டட் டு மாட்டுங்கான்னு சொல்லலாமா?"

"சம்பளம் ஏறிச்சா?"

"நை அங்கிள். படிக்கட்டுதான் ஏறிச்சு. அங்க பாதி பில்டிங்ல லிஃப்ட் ஓடல."

"அப்ப ட்ரான்ஸ்ஃபர்டு டு. அழுதுக்கிட்டே சொல்லணும்."

ஹால் குலுங்கியது. ஃப்ரம் வந்தது, டு வந்தது, ஆஸ் எங்கே தப்பு, அப்பாயின்டட் ஆஸ் எங்கே சரி என்று எல்லாம் வந்தது. அவள் கேட்ட அந்த நியாயமான கேள்விக்கும் பதில் சொன்னேன். நர்ஸாக வேலை செய்வது வேறு, நர்ஸ் என்ற படியில் இருந்து அடுத்த படிக்குப் போவது வேறு என்று. கடைசி பெஞ்சில் ஒரு தலை மெல்ல ஆடியது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பத்து நாளைக்கு முன்னால் வெண்டைக்காய் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்போது முன்னால் இருந்த ஒரு பெண் கேட்டாள், "அங்கிள், உங்க சென்டென்ஸ எழுதுங்களேன். எக்ஸாம்பிளுக்கு."

நான் போர்டில் 'ஐ வாஸ்' என்று எழுதினேன். சாக்பீஸ் அங்கேயே நின்றது. கடைசி பெஞ்சில் போன் உயர்ந்தது, படம் எடுக்க.

திரும்பி நின்றேன். "இது என் வாக்கியம் இல்ல. எனக்கு ப்ரமோஷன் கிடைக்கல. கிடைச்சது அவளுக்கு" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன்.

சொல்லிவிட்டேன். நேராக, தெளிவாக, எல்லோர் முன்னாலும். சத்தியமாக ஜோக்காகச் சொல்லவில்லை. ஆனால் என் முகம் இருக்கிறதே, அது வேறு பழக்கத்தில் வளர்ந்த முகம். ஹால் முழுக்க வெடித்துச் சிரித்தது. "அங்கிள், ஏக் நம்பர்!" என்று பாராட்டினான் டெலிவரிப் பையன். செக்ரட்டரி தொடையில் தட்டிக்கொண்டார்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். 'சிரிக்காதீங்க, உண்மை' என்று ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூட்டம் சிரித்தால் என் நாக்குக்கு நிற்கத் தெரியாது. அதுவாக அடுத்ததைச் சொன்னது.

"நம்ம வீட்ல எப்பவுமே அவதான இன்சார்ஜ்!"

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன், அதனால்தான் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. அன்று அவர்கள் பார்த்தது அவளை. அவளும் சிரித்தாள். போனைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை மூடினாள். நான் மறுபடி போர்டுக்குத் திரும்பிவிட்டுப் பார்த்தபோது பெஞ்சில் அவள் இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரியை மடக்கினேன். "அடுத்த வாரம் போதகர்ட்ட திருத்தி வாசிக்கச் சொல்லுங்க. நெசமாவே அவளுக்குத்தான்."

அவர் என் தோளில் கை போட்டார். "அண்ணாச்சி, ஒரே ஜோக்க ரெண்டாவது தடவ சொன்னா சப்புனு இருக்கும்."

ஜோக்கடிக்கிறவன் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேர். அதை வைத்துக்கொண்டு உண்மையைச் செலவு செய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் புது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. எந்தச் சொல்லைப் போட்டாள் என்று தெரியவில்லை. "அந்த எடத்துல..." என்று ஆரம்பித்தேன். கண்ணாடியில் பார்த்தபடியே கையை உயர்த்தினாள், ட்ராஃபிக் போலீஸ் மாதிரி.

"இன்னைக்கு ஒண்ணும் திருத்தாதீங்க."

நிறுத்திக்கொண்டேன். அவள் செருப்பு மாட்டி, பையை எடுத்து, போய்விட்டாள். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். திருத்தாதே என்றால் பேசவே வழி தெரியாத ஆள் நான். ஆபீஸில் அன்று ஒரு பில்லும் நேராகப் போகவில்லை. கேபினில் இருந்து கை ஆட்டியதுகூடக் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் எனக்கு முன்னாலேயே வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மீட்டிங் என்ன ஆச்சு?"

"நல்லா ஆச்சு."

"பேசுனியா?"

"இல்ல. நான் எந்திரிச்சு வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே மேட்ரன் எந்திரிச்சிட்டாவ. இவங்கதான் நம்ம புது இன்சார்ஜுன்னு சொன்னாவ. எல்லாரும் கை தட்டுனாவ. டாக்டருமாரும் தட்டுனாவ."

"அப்ப அந்த வாக்கியம்?"

"தேவைப்படல."

குக்கரை மூடினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"உன் பேரச் சொன்னாவளா?"

"முழுப் பேரு" என்றாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த வியாழக்கிழமை வெண்டைக்காய் நறுக்கும்போதும் இருந்திருக்கும். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வார்த்தை இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கையைத் தட்டினேன். ஒரு ஆள் மட்டும், குக்கருக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுகொண்டு கை தட்டினால் எப்படி இருக்கும்? அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று பெயர்தான், தகரத்தில் சிமெண்ட் பூசியது. அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"என்ன அண்ணாச்சி, கொசுவா?"

நாக்கில் ஒரு நல்ல ஜோக் வந்து நின்றது. உண்மையிலேயே நல்ல ஜோக். விழுங்கினேன். வயிற்றுக்குள் போகிற வரைக்கும் தெரிந்தது.

"கொசு இல்லக்கா. வீட்ல அவளுக்கு ப்ரமோஷன். வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்காவ."

சுவருக்குச் சந்தேகம். "உங்களுக்குன்னுல்லா கோயில்ல வாசிச்சாவ?"

"தப்பா வாசிச்சாவ. எனக்கில்லக்கா. அவளுக்கு. நாந்தான் எல்லாருட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

சுவர் விடவில்லை.

"அப்ப அந்தச் சால்வ?"

தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"அவியளே வச்சிக்கிடட்டும்க்கா. ஏசில குளிருதுல்லா!"

சுவரின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் சால்வை இருந்த பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.